எல்லைக்கடை பதில்கள்: நாலரை அடி பலகை

செங்கோட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவனிடம் பிரிண்டர் மை, பான் கார்டு, கரண்ட் பில் பற்றித்தான் கேட்பார்கள். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆன்லைன் கேம் கடைகளைப் பற்றியவை. அதிலும் 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று முத்திரை குத்திய சரக்கைப் பற்றியவை. விஷயம் அப்படி என்பதால் பெயர் போடாதீர்கள் என்று எல்லோருமே எழுதியிருந்தார்கள். ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஸ்டீம் என்ற கடையில் கேம் வாங்குகிறான், யுபிஐ-யில் பணம் அவன் அப்பா போனிலிருந்து போகிறது. உடம்பில் துணியில்லாத காட்சிகள் உள்ள ஒரு பெரிய கேம், பிறந்த தேதியைக் கேட்டுவிட்டு உடனே திறந்துவிடுகிறது. அவனேதான் கொண்டுவந்து காட்டினான். ஆனால் நண்பன் சொன்ன ஒரு சின்ன கேமைத் தேடினால் அப்படி ஒன்றே இல்லை என்கிறது. எது தப்பு, எது சரி என்று அந்தக் கடைக்கே தெரியாதா? (ஒரு தாய், கடையநல்லூர்)

அம்மா, அவனே கொண்டுவந்து காட்டினான் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். திட்டி அந்த வழியை அடைத்துவிடாதீர்கள்.

சரி, கடைக்கு வருவோம். ஸ்டீமில் கதவு இரண்டு. ஒன்று, பிறந்த தேதி கேட்கிற கதவு. அதில் ஊரே ஜனவரி 1 என்று போட்டு ஏதோ ஒரு வருஷத்தைத் தட்டிவிட்டுப் போகும். நானும் அப்படித்தான், உண்மையில் நான் பிறந்தது ஆடி மாதம். இன்னொரு கதவு, கணக்கின் செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. 'பெரியவர்களுக்கு மட்டுமான பாலியல் உள்ளடக்கம்' என்ற வகை, நாமாகப் போய் டிக் அடிக்காத வரை கண்ணில் படாது. உங்கள் மகன் தேடிய சின்ன கேம் இந்த இரண்டாம் கதவுக்குப் பின்னால் இருக்கலாம். பெரிய கேமுக்கு முதல் கதவோடு சரி.

பெரிய கேம் எது என்று நீங்கள் எழுதவில்லை. பிரபலமான இரண்டைச் சொல்கிறேன். 2020-இல் வந்த சைபர்பங்க் 2077, 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3. இரண்டிலும் நிர்வாணம் உண்டு, படுக்கைக் காட்சியும் உண்டு. நிர்வாணத்தை மறைத்துக்கொள்ள மெனுவிலேயே வசதி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் இரண்டுக்கும் 17 வயதுக்கு மேல் என்ற 'எம்' முத்திரை, ஐரோப்பாவில் 18. இதே சைபர்பங்க் ஜப்பானுக்குப் போனபோது நிர்வாணத்தை மூடித்தான் விற்றார்கள்.

கடைக்காரர்களின் வாதம் இது: அந்தப் பெரிய கேமில் அது நூறு மணி நேரக் கதையில் ஒரு துண்டு. சின்ன கேமில் அதுதான் சரக்கே. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் துண்டு எங்கே முடிந்து சரக்கு எங்கே தொடங்குகிறது என்று அளப்பது யார்? கேமை உண்டாக்கியவர் ஒரு படிவத்தில் இன்னின்ன இருக்கிறது என்று எழுதித் தருகிறார். கடையின் ஆள் ஒருவர் பார்த்து முடிவு செய்கிறார். பார்க்கிற கண் மாறினால் அளவும் மாறும்.

இந்த இடத்தில் என் கடைக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2004-இல் 6 சிஸ்டம் போட்டு பிரவுசிங் சென்டராகத்தான் ஆரம்பித்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆறடி பிளைவுட், முன்னால் திரைச்சீலை. அன்றைக்கு எல்லாக் கடையும் அப்படித்தான். உள்ளே பையன்கள் என்ன பார்த்தார்கள் என்று நான் கேட்டதில்லை, கேட்டிருக்க வேண்டும். 2011-இல் மத்திய அரசு சைபர் கஃபேக்களுக்கு விதி போட்டது. தடுப்பு தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது. தடுப்பு இல்லாத சிஸ்டத்தின் ஸ்கிரீன் வெளியே பார்த்திருக்க வேண்டும். அடையாள அட்டை வாங்கிப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆசாரியைக் கூப்பிட்டு ஒவ்வொரு பலகையிலும் ஒன்றரை அடி அறுத்தேன். வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு சோதனைக்கு யார் வந்தாலும் எனக்குப் பயமில்லை. வருகிறவர் நல்ல மனநிலையில் வந்தாலும் டேப்பில் நாலரை அடி, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாலும் நாலரை அடி.

கேம் கடைகள் கண்டிப்பாக இருக்கட்டும், தாராளமாக இருக்கட்டும், அது அவரவர் கடை. டேப் எங்கே என்றுதான் நான் கேட்கிறேன்.

ஸ்டீமையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மே மாதம், ஜப்பானிய பாணிக் காதல் கதை கேம்கள் செய்கிற சிலருக்கு, பாலியல் காட்சிகளை மாற்றாவிட்டால் எடுத்துவிடுவோம் என்று எச்சரிக்கை போனது. அவற்றில் சில வருஷக்கணக்கில் அதே கடையில் விற்றுக்கொண்டிருந்தவை. சில நாள் கழித்து, அந்தக் கடிதத்தைப் பொருட்படுத்த வேண்டாம், மறுபடி பார்க்கிறோம் என்றார்கள். அதே சமயத்தில் பள்ளியில் துப்பாக்கிச் சூடு நடத்துகிற ஒரு கேமால் வேறு பெரிய ரகளை. ஜூன் மாதம் ஸ்டீமின் முதலாளியான வால்வ் நிறுவனம் ஒரேயடியாக அறிவித்தது: சட்டவிரோதமானது, வம்புக்கென்றே செய்தது, இந்த இரண்டைத் தவிர எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. செப்டம்பரில் வேண்டாத வகையை மறைத்துக்கொள்ள வடிகட்டிகள் வந்தன, வெட்டில்லாத பெரியவர் கேம்களும் வந்தன. சரி, விதி தெளிந்துவிட்டது என்று நினைத்தால், 2019 மார்ச்சில் பலாத்காரத்தையே விளையாட்டாக்கிய ஒன்றை மறுத்தார்கள். மறுத்தது சரியான காரியம், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சொன்ன காரணத்தைப் பாருங்கள்: 'தெரியாத செலவுகளும் அபாயங்களும்' இருக்கிறதாம். வேண்டாம் என்று எழுதி ஒட்டியிருந்த இரண்டில் எதன் கீழும் அதைக் கொண்டுவரவில்லை. நல்ல முடிவைக்கூடத் தாங்கிப் பிடிக்க ஒரு வரி எழுதி வைத்திருக்கவில்லை.

உங்கள் மகன் விஷயத்தில் கடையை நம்பி உட்கார வேண்டாம். 'ஸ்டீம் ஃபேமிலிஸ்' என்று ஒரு வசதி 2024-இல் வந்தது. உங்கள் பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, அவன் கணக்கைக் குழந்தைக் கணக்காக அதில் சேர்த்துவிடுங்கள். எந்த கேம் திறக்கலாம், எத்தனை மணி நேரம் என்று நீங்கள் வைத்துக்கொள்ளலாம். வாங்க வேண்டுமானால் அவன் விண்ணப்பம் போடுவான், நீங்கள் பார்த்துப் பணம் கட்டலாம். செட் பண்ணும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தே செய்யுங்கள். எப்படியும் உங்களை விட அவனுக்குத்தான் வேகமாக வரும்.

கேள்வி: கழுதுருட்டி எஸ்டேட் லயத்தில் வளர்ந்த தமிழன் நான். இரண்டு வருஷம் உட்கார்ந்து ஒரு கேம் செய்தேன். பாழடைந்த மண்டபத்தில் புதிர் அவிழ்க்கிற கதை. தூண் சிற்பங்களைக் கிருஷ்ணாபுரம் கோயிலைப் பார்த்து மாடல் செய்தேன். ஒரு கடை அப்படியே எடுத்துக்கொண்டது. இன்னொரு கடை, பாலியல் கொள்கைக்கு விரோதம் என்று ஒரே வரியில் திருப்பிவிட்டது. எந்தப் படம் என்றுகூடச் சொல்லவில்லை. அதே கடையின் முகப்பில் படுக்கைக் காட்சி உள்ள பெரிய கேம் தள்ளுபடியில் ஓடுகிறது. நான் என்ன செய்ய? (ஒரு வாசகர், ஆரியங்காவு)

தம்பி, திருநெல்வேலி பக்கத்துக் கிருஷ்ணாபுரத்துக்கு ஆறாம் வகுப்பில் எங்களை டூர் கூட்டிப்போனார்கள். அரசகுமாரனைத் தோளில் சுமந்துகொண்டு போகிற அந்தக் குறத்தி முன்னால் எங்கள் தமிழ் வாத்தியார் அரை மணி நேரம் நின்று பேசினார். கல்லில் நகக்கண் தெரிகிறது பாருங்கடா என்றார். நாயக்கர் காலத்திலிருந்து தேர்வு எழுதாமல் பாஸான சிற்பம், கம்ப்யூட்டருக்குள் வந்து பெயிலாகிவிட்டது.

ஒரே பொருள் ஓரிடத்தில் நல்லது, இன்னோரிடத்தில் குற்றம் என்பது நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. நீங்கள் இருக்கிற ஆரியங்காவில் லாட்டரிச் சீட்டு அரசாங்கச் சரக்கு. கேரளம் 1967-இல் தொடங்கியது. கோட்டைவாசல் தாண்டி இந்தப் பக்கம் இறங்கினால் 2003 முதல் தடை. எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறிப் போய்ச் சீட்டு வாங்கிச் சட்டைப்பையில் மடித்துக்கொண்டு வருகிறவர்களை எனக்குத் தெரியும், பெயர் கேட்காதீர்கள். அவர்கள் யாரும் இது அநியாயம் என்று புலம்பியதில்லை. கோடு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். மலையில் போர்டே வைத்திருக்கிறார்கள்.

புலம்பல் வேறு இடத்தில் வரும். என் மாமனார் மலைப்பாதையில் ஒரு வரிச் சாவடியில் எழுத்தராக இருந்தவர். ஜிஎஸ்டி வந்து 2017-இல் சாவடிகளை எடுத்த பிறகும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தால் அந்தக் கதைதான். ரப்பர் ஷீட் ஏற்றிய இரண்டு லாரி. ஒரே தோட்டம், ஒரே பில் புத்தகம், அடுத்தடுத்த நம்பர். பகல் ஷிப்டில் வந்தது போய்விட்டது, ராத்திரி வந்தது விடியும்வரை நின்றது. டிரைவர் மாமாவிடம் வந்து கேட்டாராம்: "அண்ணாச்சி, என்ன குறைன்னு ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க. அடுத்த லோடுக்குச் சரி பண்ணிட்டு வரேன்." எழுதிக் கொடுக்க மாமாவுக்கு அதிகாரம் இல்லை. அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை.

உங்களுக்கு வந்த ஒற்றை வரியும் அதே சங்கதி. தினம் மலைபோல் கேம்கள் வந்து குவிகிற இடத்தில் நின்று நிதானமாகப் பார்க்க ஆள் இருக்காது. ஸ்டீமையே பாருங்கள், 2017 முதல் 100 டாலர் கட்டி யார் வேண்டுமானாலும் கேம் கொடுக்கலாம். பெரிய நிறுவனத்துக்குக் கடைக்குள்ளேயே பேச ஆள் இருப்பார், நமக்குப் படிவம்தான். இது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நிலைமை இதுதான்.

இனி நீங்கள் செய்யக் கூடியது. மறு விண்ணப்பத்தில் கோபத்தைக் கொட்டாதீர்கள். சிற்பம் வருகிற ஒவ்வொரு காட்சியின் படத்தையும் எண் போட்டு இணையுங்கள். மாடலுக்குப் பக்கத்திலேயே கோயில் தூணின் போட்டோவை வையுங்கள். இவற்றில் எந்த எண் என்று மட்டும் கேளுங்கள். ஆம், இல்லை என்று சொல்ல முடிகிற கேள்விக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம். மறுத்ததை மாற்றிக்கொண்ட கதையும் உண்டு. கேயாஸ் ஹெட் நோவா என்ற ஜப்பானிய கேமை 2022-இல் ஸ்டீமில் விற்க முடியாது என்று அதன் வெளியீட்டாளரே அறிவித்தார். பிறகு வால்வ் முடிவை மாற்றி, அக்டோபரில் அது அங்கே வெளிவந்தது.

இன்னொன்று, படிவத்தில் எதையும் மறைக்காதீர்கள். கூகுள் பிளேயில் 2015 முதல் ஒரே கேள்வித்தாள்தான். நீங்கள் நிரப்பினால் ஒவ்வொரு பகுதிக்கும் அங்கங்கே உள்ள வயது முத்திரை தானாக வரும். 'கலைப்படைப்பில் நிர்வாணம், பாலியல் நோக்கம் இல்லை' என்று எழுத இடமிருந்தால் அப்படியே எழுதுங்கள். மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் கடையில் பையன்கள் விடிய விடிய ஆடிய சான் ஆண்ட்ரியாஸ் என்ற கேமே சாட்சி. பாதியில் கைவிட்ட ஒரு படுக்கைக் காட்சியை அழிக்காமல் கேமின் நிரலுக்குள்ளேயே விட்டுவிட்டார்கள். வெளியாள் ஒருவர் அதைத் திறந்து காட்டினார். 2005 ஜூலையில் அமெரிக்காவில் அதன் முத்திரையை 'எம்'மிலிருந்து 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று மாற்றினார்கள், பெரிய கடைகள் அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன. அத்தனை பெரிய கம்பெனி தாங்கியது. உங்களுக்கும் எனக்கும் தாங்காது.

எடுத்துக்கொண்ட கடையில் கேம் விற்கிறதல்லவா? அதன் பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள். குறத்தியைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: 34 வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன். கேம் கடை எதை விற்கலாம் என்று கார்டு கம்பெனிகள் தீர்மானிக்கின்றன என்று பேரன் சொல்கிறான். அப்படி ஒரு அதிகாரம் கார்டு கம்பெனிக்கு எப்படி வந்தது? (ஓய்வு பெற்றவர், தென்காசி)

அண்ணாச்சி, பேரன் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. மீதிப் பாதிக்குச் சம்பந்தப்பட்டவர்களிடமே ஒத்த பதில் இல்லை.

2025 ஜூலையில் கலெக்டிவ் ஷவுட் என்ற ஆஸ்திரேலிய அமைப்பு, பலாத்காரமும் குடும்பத்துக்குள் பாலுறவும் காட்டுகிற கேம்களுக்குப் பணம் வாங்கித் தராதீர்கள் என்று பணப் பரிவர்த்தனை நிறுவனங்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதியது. அதே மாதம் ஸ்டீமின் விதிகளில் புதிதாக ஒரு வரி ஏறியது. பரிவர்த்தனை நிறுவனங்கள், கார்டு நெட்வொர்க்குகள், வங்கிகள் ஆகியோரின் விதிகளை மீறக்கூடிய சரக்கு கூடாது, 'குறிப்பாகச் சில வகைப் பெரியவர் சரக்கு' கூடாது என்று. எந்தச் சில வகை? அது எழுதப்படவில்லை. இட்ச்.ஐஓ என்ற இன்னொரு கடை, பெரியவர் முத்திரை உள்ள ஆயிரக்கணக்கான பக்கங்களை ஒரே வீச்சில் தேடலிலிருந்து எடுத்தது. மாத முடிவில் இலவசமானவற்றை மட்டும் திரும்பக் காட்டத் தொடங்கியது. யோசித்துப் பாருங்கள், சரக்கு மாறவில்லை. காசு வாங்கினால் ஒளிந்திருக்க வேண்டும், சும்மா கொடுத்தால் தெரியலாம்.

ஆகஸ்ட் 1 அன்று மாஸ்டர்கார்டு, நாங்கள் எந்த கேமையும் மதிப்பிடவில்லை, எதையும் தடை செய்யச் சொல்லவும் இல்லை என்று அறிக்கை விட்டது. வால்வ் அதற்கு, அவர்கள் எங்களிடம் நேராகப் பேசவே இல்லை, நடுவில் இருக்கிற பரிவர்த்தனை நிறுவனங்கள்தான் மாஸ்டர்கார்டின் 5.12.7 என்ற விதியைக் காட்டின என்று பதில் சொன்னது. அந்த விதியில் சட்டவிரோதப் பரிவர்த்தனையோடு, கார்டின் பெயரைக் கெடுக்கக் கூடியதும் அடக்கம். பெயர் கெடுமா கெடாதா என்பதற்கு டேப் உண்டா? வங்கியில் இருந்தவர், உங்களுக்குத் தெரியும். மேலிடத்துச் சர்க்குலர் வருவதற்கு முன்னாலேயே வட்டார அலுவலகம் பயந்து பாதிக் கடனை நிறுத்திவிடும். பிறகு யார் நிறுத்தச் சொன்னது என்று தேடினால் ஆளே கிடைக்க மாட்டார்.

பலாத்காரத்தைக் கொண்டாடுகிற சரக்குக்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட மாட்டேன். அதைக் கடைக்காரரே, எங்கள் கடையில் வேண்டாம் என்று சொந்த வாயால் சொல்லி எடுத்திருக்கலாம். கல்லாப்பெட்டிக்காரர் முறைத்தார் என்று எடுப்பதில், நாளைக்கு அவர் வேறு எதையாவது முறைத்தால் அதுவும் போகும். எது என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது.

கேள்வி: சினிமாவுக்கு இருப்பது போல் கேமுக்கு நம் நாட்டில் சென்சார் இல்லையா? (கல்லூரி மாணவர், புளியரை)

இல்லை. திரைப்படத் தணிக்கை வாரியம் கேமைப் பார்ப்பதில்லை. ஆபாசமானதை மின்னணு வழியில் பரப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகள் உண்டு, குழந்தைகள் சம்பந்தப்பட்டால் 67பி. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் பணம் கட்டி ஆடுகிற விளையாட்டுகளைத்தான் தடை செய்தது. ஆகவே வயது முத்திரை விஷயத்தில் இப்போதைக்குக் கடை சொல்வதுதான் கணக்கு. தேர்வுக்குப் படிப்பதற்காகக் கேட்டிருந்தால் பிரிவு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்; வேறு எதற்காகவாவது என்றால் 67பி-யை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

கேள்வி: உங்கள் கடையில் இன்னும் அந்தத் தடுப்புப் பலகைகள் இருக்கிறதா? சின்ன வயதில் ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய் கொடுத்து அங்கே கேம் ஆடியிருக்கிறேன். (பழைய வாடிக்கையாளர், இப்போது கொல்லம்)

பிரவுசிங்கே இல்லை, பலகை எதற்கு? 2016-இல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். நாலரை அடிப் பலகைகளில் ஜெராக்ஸ் பேப்பர் வைக்க ஷெல்ஃப் அடித்தாயிற்று. ஆசாரி அறுத்துப் போட்ட ஒன்றரை அடித் துண்டு ஒன்று லேமினேஷன் மெஷினுக்கு அடியில் இன்னும் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதன் ஓரத்தில் யாரோ காம்பஸ் முனையால் 'வைஸ் சிட்டி சீட்' என்று தொடங்கி, அந்த கேமில் குறுக்கு வழிக்குத் தட்டுகிற இங்கிலீஷ் எழுத்துகளைக் கீறி வைத்திருக்கிறார்கள். நீங்களாக இருந்தால் வந்து பார்த்துச் சொல்லுங்கள். அந்த ஒரு மணி நேரக் காசு பாக்கி இருக்கிறதா என்று பதிவேட்டிலும் பார்த்துவிடலாம்.